வெளிச்சம் மருந்தாகும், காளான் உணவாகும்

(ராயப்பேட்டையில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் பயிற்சிக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாத உறுப்பினர்களுக்காகப் பேசியபடியே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இதை வாசித்துக் காட்டவும்.)



விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு, பஸ் ஏறி, நெரிசலில் நின்றுகொண்டே ராயப்பேட்டை வரைக்கும் வந்திருக்கீங்க. அதனால் உங்க நேரத்தை வீணாக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

என்னைப் பேசக் கூப்பிட்டபோது கூட்டமைப்புத் தலைவி ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்தாங்க. காளான் வளர்க்கிற குழுக்களிடம் ஒரு வியாபாரி கொடுத்துவிட்டுப் போனதாம். "வெளிநாட்டில் புற்றுநோயை வெளிச்சத்தாலேயே அழிக்கிறார்கள். கூடவே நோய் எதிர்ப்புச் சக்தி தரும் காளான் பொடியையும் சாப்பிட்டால் ஆபரேஷன் வேண்டாம், கரண்ட் வேண்டாம்" என்று அதில் போட்டிருக்கு. குழுக்கள் காளானைக் காயவைத்துப் பொடியாக்கித் தரணுமாம். இதே வாசகத்தையும் குழுவின் பேரையும் பாக்கெட்டில் அச்சடிப்பாராம். இதற்காக உள்கடன் எடுக்கலாமா என்று மூன்று குழுக்கள் யோசித்துக்கொண்டிருக்கிறதாகத் தலைவி சொன்னாங்க.

முழுப் பொய்யாக இருந்தால் "தூக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இதில் பாதி உண்மை இருக்கு. அதனால்தான் கவனமாகப் பார்க்கணும்.

வெளிச்சத்தால் புற்றுநோயை அழிக்க முடியுமா?

முடியும். சில வகைப் புற்றுநோயில், சில இடங்களில் முடியும். இதற்கு ஒளிச் சிகிச்சை என்று பேர் வைத்துக்கொள்வோம். நம்ம ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்கிறோமே, அது வேறு. அது கதிர்வீச்சு. அந்தக் கதிர் உடம்புக்குள் ஆழமாகப் போகும். இது கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சம், பெரும்பாலும் சிவப்பு வெளிச்சம்.

அடுப்பு எரிய விறகு வேணும், நெருப்பு வேணும், காற்று வேணும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் எரியாது. அதுபோல இந்தச் சிகிச்சைக்கும் மூன்று வேணும். ஒன்று, வெளிச்சம் பட்டால் வேலை செய்கிற ஒரு மருந்து. இரண்டு, அந்த மருந்துக்கு ஏற்ற வெளிச்சம். மூன்று, நம்ம உடம்பிலேயே இருக்கிற ஆக்சிஜன்.

முதலில் மருந்தை ஊசியாகப் போடுவாங்க. தோலில் நோய் என்றால் மேலே தடவுவதும் உண்டு. ஊசி மருந்து உடம்பு முழுக்கப் பரவும். நல்ல இடங்களிலிருந்து சீக்கிரம் வெளியே போய்விடும், கட்டியில் கொஞ்சம் அதிகமாகத் தங்கும். இரண்டு நாள் கழித்து, தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழை வழியாக லேசர் வெளிச்சத்தைக் கட்டியின் மேல் பாய்ச்சுவாங்க. வெளிச்சம் பட்டதும் மருந்து விழித்துக்கொள்ளும். அங்கே இருக்கிற ஆக்சிஜனை மூர்க்கமான ஒன்றாக மாற்றும். அது பக்கத்தில் இருக்கிற புற்றுச் செல்களைக் கொன்றுவிடும். கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகிற சின்னக் குழாய்களும் அடைபடும். செத்துப்போன செல்களைப் பார்த்து நம்ம ரத்தத்தில் இருக்கிற காவல்காரர்களான வெள்ளை அணுக்களும் உஷாராகும். இந்த விஷயத்தைத்தான் அந்த நோட்டீஸ்காரர் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன்.

இது கண்டுபிடித்த கதை ரொம்பப் பழசு. 1900-ல் ஜெர்மனியில் மூனிச் நகரத்தில் ஆஸ்கர் ராப் என்று ஒரு மருத்துவ மாணவர் இருந்தார். குட்டைத் தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களைச் சாயத் தண்ணீரில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் சீக்கிரம் செத்தன, இன்னொரு நாள் வெகுநேரம் உயிரோடு இருந்தன. சாயம் அதேதான். யோசித்துப் பார்த்தபோதுதான் அன்றைக்கு இருந்த வெளிச்சம் வேறு என்று தெரிந்தது. சாயம் மட்டும் கொல்லவில்லை, வெளிச்சம் மட்டும் கொல்லவில்லை, இரண்டும் சேர்ந்தபோது கொன்றது.

அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் டாக்டர் தாமஸ் டோகர்ட்டி 1970-களில் இதை மனிதர்களின் கட்டிகளில் செய்து பார்த்து 1978-ல் முடிவுகளை வெளியிட்டார். 1993-ல் கனடா ஒரு வகைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இந்த மருந்தை அனுமதித்தது. 1995-ல் அமெரிக்கா, உணவுக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கும் புற்றுக்கு அனுமதித்தது. 2020-ல் ஜப்பான், தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்கு இன்னொரு புது வகையை அனுமதித்தது. ஒரு மாணவர் 1900-ல் பார்த்தது மருந்தாக அனுமதி வாங்க 93 வருஷம் ஆனது. நோட்டீஸில் எழுத ஒரு நாள் போதும்.

நம்ம கார்போகரிசி

வெளிநாட்டுக் கதை மட்டும்தானா என்று கேட்பீங்க. நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி வாங்கியிருப்பீங்க. குளியல் பொடியில் கூடச் சேர்ப்போம். தோலில் வெண்புள்ளி வந்தவர்களுக்கு இதைக் கொடுத்து வெயில் காட்டச் சொல்வது நம்ம நாட்டில் வெகு காலமாக இருக்கிற வைத்தியம். அதில் சோரலென் என்கிற பொருள் இருக்கு. அதுவும் வெளிச்சம் பட்டால் விழித்துக்கொள்கிற பொருள்தான்.

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மருந்தை வைத்துத்தான் 1988-ல் அமெரிக்காவில் ஒரு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. தோலில் வருகிற ஒரு வகை ரத்தப் புற்றுக்கு, நோயாளியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, வெள்ளை அணுக்களைப் பிரித்து, மருந்து கலந்து, புற ஊதா வெளிச்சத்தில் காட்டி, திரும்பவும் உடம்பில் ஏற்றுவாங்க.

இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் நிற்காதீங்க. அளவு தப்பினால் கொப்புளம் கொப்புளமாக வெந்துபோகும். இந்த மருந்தோடு புற ஊதா வெளிச்சத்தை வருஷக்கணக்கில் காட்டினால் தோல் புற்று வருகிற வாய்ப்பும் கூடுகிறது. கைதேர்ந்தவர் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது.

எல்லாக் கட்டிக்கும் ஏன் ஆகாது?

இன்றைக்கு ராத்திரி வீட்டில் ஒரு டார்ச் லைட்டை விரல் நுனியில் ஒட்டிவைத்துப் பாருங்க. விரல் சிவப்பாகத் தெரியும். அதையே வயிற்றில் வைத்தால் முதுகுப் பக்கம் ஒன்றும் தெரியாது. சதைக்குள் சிவப்பு வெளிச்சம் கொஞ்ச தூரம்தான் போகும். இந்தச் சிகிச்சை வெளிச்சமும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் வேலை செய்யும்.

அதனால் தோல், வாய், உணவுக்குழாய், மூச்சுக்குழாய் என்று வெளிச்சம் எட்டுகிற இடங்களில் இது உதவும். ஆழத்தில் இருக்கிற கட்டிக்கும், பல இடத்துக்குப் பரவின நோய்க்கும் இது போதாது. நம்ம பெண்களுக்கு அதிகம் வருவது மார்பகப் புற்றும் கருப்பை வாய்ப் புற்றும். அவற்றைக் குணப்படுத்த இன்றைக்கு டாக்டர்கள் நம்பியிருப்பது ஆபரேஷன், கரண்ட், மருந்து இந்த மூன்றும்தான்.

இன்னொரு கஷ்டமும் இருக்கு. அந்த ஊசி மருந்து தோலிலும் கண்ணிலும் பல வாரம் தங்கும். குறைந்தது 30 நாள் வெயிலில் போகக்கூடாது. போனால் தோல் வெந்துவிடும். களை எடுக்க, நாற்று நட, ஆடு ஓட்டப் போகிற நமக்கு ஒரு மாசம் வெயில் படாமல் இருப்பது லேசான காரியமா? நோட்டீஸில் இதை யாராவது எழுதியிருக்காங்களா?

நம்ம நாட்டில் இது எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்கிற சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை. யாருக்கு ஏற்றது என்று புற்றுநோய் டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்.

காளானில் என்ன இருக்கு?

இப்போது காளானுக்கு வருவோம். வைக்கோலை நறுக்கி, வேகவைத்து, பையில் அடுக்கி, வித்து போட்டு, ஈரம் குறையாமல் காத்து, சிப்பிக் காளான் எடுக்கிற உங்களுக்கு நான் காளானைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதன் சத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். 100 கிராமில் சுமார் 3 கிராம் புரதம் இருக்கும். காய்ந்தால் தண்ணீர் போய், எடைக்கு எடை புரதம் கூடும். நார்ச்சத்து உண்டு. அறுத்த காளானை வெயிலில் காயவைத்தால் அதில் வைட்டமின் டி உண்டாகும். காளானுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள உண்மையான சம்பந்தம் இது. இதைத் தாராளமாகச் சொல்லி விற்கலாம்.

அதன் நாரில் பீட்டா குளுக்கான் என்று ஒரு பொருள் இருக்கு. ஓட்ஸிலும் பார்லியிலும் கூட இருக்கு. இது வெள்ளை அணுக்களைத் தட்டி எழுப்புகிறது என்று ஆராய்ச்சியில் பார்த்திருக்காங்க. ஜப்பானில் காளானிலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்தை 1977-லும், இன்னொன்றை 1985-லும் புற்றுநோய்க்கு மற்றச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுக்க அனுமதித்தாங்க. கட்டி வந்த எலிகளுக்கு ஒளிச் சிகிச்சையோடு பீட்டா குளுக்கானும் கொடுத்து, கட்டி வளர்வது குறைகிறதா என்று பார்த்த ஆராய்ச்சியும் உண்டு. நல்ல அறிகுறிதான்.

ஆனால் மூன்று விஷயம் மறக்கக் கூடாது. ஜப்பானில் கொடுத்தது சுத்தம் செய்து அளவு கட்டிய மருந்து, குழம்பில் போடுகிற காளான் இல்லை. அதையும் ஆபரேஷனுக்கும் மருந்துக்கும் துணையாகத்தான் கொடுத்தாங்க, பதிலாகக் கொடுக்கவில்லை. எலியில் பார்த்ததை மனுஷியில் நிரூபிக்கும் வரை அது சிகிச்சை ஆகாது. வெளிச்சத்தோடு காளான் பொடி சாப்பிட்டால் புற்றுநோய் குணமாகும் என்று மனிதர்களிடம் யாரும் நிரூபிக்கவில்லை. மஞ்சள் விஷயமும் இதேதான். மஞ்சளில் இருக்கிற குர்குமின் வெளிச்சம் பட்டால் வேலை செய்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்காங்க. நாளைக்கு அதையும் ஒருத்தர் நோட்டீஸாகப் போட்டு வருவார்.

பொடிக்குப் போன ஏழு மாசம்

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு அக்கா வந்தாங்க. அவங்களும் ஒரு குழு உறுப்பினர்தான். மார்பில் நெல்லிக்காய் அளவு கட்டி. வலி இல்லை. வலி இல்லாததால் பயமும் இல்லை. யாரோ ஒரு மூலிகைப் பொடியைச் சொல்ல, ஏழு மாசம் சாப்பிட்டிருக்காங்க. பொடி வாங்கக் குழுவில் கடன் வேறு. எங்களிடம் வந்தபோது கட்டி தோலை உடைத்துக்கொண்டு, அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. சிகிச்சை நடந்தது. மார்பை முழுசாக எடுக்க வேண்டியதாயிற்று. "அந்தப் பொடி கெடுதலா சிஸ்டர்?" என்று அவங்க கேட்டாங்க. பொடி அவங்களை ஒன்றும் செய்திருக்காது. அந்த ஏழு மாசம்தான் செய்தது.

நாம் விற்கிற பாக்கெட்டில் "புற்றுநோய் குணமாகும்" என்று இருந்தால், இன்னொரு ஊரில் இன்னொரு அக்கா அதை நம்பி ஏழு மாசம் காத்திருப்பாங்க. அந்தப் பாக்கெட்டில் உங்க குழுவின் பேர் இருக்கும்.

சாப்பாடு எங்கே உதவும்?

சாப்பாட்டால் பிரயோஜனமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிகிச்சையைத் தாங்க உடம்பில் தெம்பு வேணும். எடை குறைந்துகொண்டே போனால் மருந்தைத் தள்ளிப்போட வேண்டிவரும். பத்தியம் என்று முட்டையையும் பாலையும் பருப்பையும் நிறுத்துவது பெரிய தப்பு.

முட்டை, மீன், பருப்பு, கேழ்வரகுக் கூழ், கீரை, நன்றாக வெந்த காளான் எல்லாம் கொடுக்கலாம். வாய் புண்ணாக இருந்தால் காரம் புளி குறைத்து, குழைந்த சாதம் கொடுங்க. ஒரே தடவை நிறையச் சாப்பிட முடியாவிட்டால் ஐந்தாறு தடவையாகப் பிரித்துக் கொடுங்க. மருந்து ஏறும் நாட்களில் வெள்ளை அணு குறையும். அப்போது வேகாத காளானோ மற்றப் பச்சை உணவோ வேண்டாம், தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்க. எந்தப் பொடி, லேகியம், கேப்சூல் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க. சில மூலிகை மருந்துகள் புற்றுநோய் மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

ஒரு மாதர் சங்கம் செய்த காரியம்

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அடையாறு. அங்கே இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தது ஒரு பெண்கள் சங்கம் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்துபோனார். அந்தத் துக்கத்தை அவர் மறக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கையோடு ஆஸ்பத்திரி ஆரம்பமானது. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் இறக்கும் வரை அந்த ஆஸ்பத்திரியே வாழ்க்கையாக இருந்தார்.

நாமும் சங்கப் பெண்கள்தான். சேமிப்பும் ஒற்றுமையும் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இது சாட்சி.

இதே ராயப்பேட்டையில் அரசு மருத்துவமனையில் புற்றுநோய்க்குத் தனிப் பிரிவு இருக்கு. காஞ்சிபுரம் பக்கத்து உறுப்பினர்களுக்குக் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாதவங்க இப்போதே விசாரித்து வாங்கிவையுங்க. நோய் வந்த பிறகு அலைய வேண்டாம்.

30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பை வாய், மார்பகம், வாய் மூன்றையும் இலவசமாகப் பார்ப்பாங்க. கருப்பை வாயில் ஒரு திரவத்தைத் தடவிப் பார்ப்பாங்க, சில நிமிஷத்தில் முடிந்துவிடும். மார்பில் கட்டி, காம்பில் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு, உறவுக்குப் பிறகு ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இதில் எது இருந்தாலும் வலி வரும் வரை காத்திருக்காதீங்க. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவங்க இன்றைக்கே நிறுத்துங்க.

"கத்தி வைத்தால் பரவிடுமாமே?" என்று இடைவேளையில் ஒரு தங்கச்சி கேட்டாங்க. கத்தி வைப்பதால் நோய் பரவாது. ரொம்பத் தாமதமாக வந்தவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னாலேயே பரவியிருக்கும். அதைப் பார்த்தவங்க கத்தி மேல் பழி போட்டுவிட்டாங்க.

பாக்கெட்டில் என்ன எழுதலாம்?

காளான் தொழிலை விடுங்க என்று நான் சொல்லவில்லை. பச்சைக் காளான் இரண்டு நாள் கூடத் தாங்காது. காயவைத்து விற்பது நல்ல யோசனை. சூப் பொடி, ஊறுகாய் செய்து விற்கலாம்.

பாக்கெட்டில் பொருளின் பேர், என்னென்ன சேர்ந்திருக்கு, எடை, விலை, தயாரித்த தேதி, எது வரை பயன்படுத்தலாம், குழுவின் முகவரி, உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண் இவற்றைப் போடுங்க. புற்றுநோய் குணமாகும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷச் சட்டமே தடை செய்திருக்கு. நாளைக்கு ஒரு புகார் வந்தால் வியாபாரி போனை அணைத்துவிடுவார். அதிகாரி வந்து கேட்பது பாக்கெட்டில் பேர் இருக்கிற ஊக்குநரிடமும் பிரதிநிதியிடமும்தான்.

அந்த வியாபாரி மறுபடியும் வந்தால், "பொடி தருகிறோம், உணவு என்று எழுதி விற்பதானால் தருகிறோம்" என்று சொல்லுங்க. ஒத்துக்கொண்டால் வியாபாரம் நடக்கட்டும். இல்லையென்றால் அவருக்கு வேண்டியது உங்க காளான் இல்லை, உங்க குழுவின் நல்ல பேர் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஊருக்குப் போனதும் அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் எழுதச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

1. நம் குழுப் பொருள் எதிலும் நோய் குணமாகும் என்று அச்சடிக்க மாட்டோம்.

2. 30 வயது தாண்டிய எல்லா உறுப்பினரும் மூன்று மாதத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்வோம். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் குழுவாகப் போவோம்.

3. உறுப்பினருக்கோ அவர் வீட்டாருக்கோ கட்டி, ஆறாத புண் என்று தெரிந்தால், ஆஸ்பத்திரி போகிற பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் உள்கடனில் முதல் இடம் கொடுப்போம்.

கையெழுத்துப் போடும்போது, பரிசோதனைக்கு எந்தக் கிழமை போகிறோம் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்க.